காதால் மெய்ப்பு பார்த்தவர்கள்

மெய்ப்பு பார்ப்பது கண்ணுள்ளவர் வேலை என்றுதான் நாம நினைச்சிட்டு இருக்கோம். அமெரிக்காவின் புக்ஷேர் நூலகத்தின் கதை வேறு மாதிரி.

1976 ஜனவரியில் ரே கர்ஸ்வைல் தன் வாசிப்பு இயந்திரத்தை வெளியிட்டார். அச்சுப் பக்கத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தால் குரலில் படிக்கும். துணி துவைக்கும் இயந்திரம் அளவுக்கு இருந்தது. விலை பல்லாயிரம் டாலர். பாடகர் ஸ்டீவி வொண்டரால் வாங்க முடிந்தது, மற்றவர்களுக்கு நூலகம்தான் கதி. 1989ல் ஜிம் ஃப்ரக்டர்மன் லாபநோக்கற்ற ஆர்கன்ஸ்டோன் அமைப்பைத் தொடங்கி, சாதாரணக் கணினியிலும் ஸ்கேனரிலும் இயங்கும் வாசிப்புக் கருவிகளைக் கொடுத்த பிறகுதான் இது வீட்டுக்குள் வந்தது.

வந்ததும் ஒரு கூத்து. ஒரே நாவலை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு, பக்கம் பக்கமாகப் புரட்டி மணிக்கணக்கில் ஸ்கேன் செய்தார்கள். ஒருத்தர் செய்ததை இன்னொருத்தர் எடுத்துக்கிட்டா என்ன? அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு நூல்களைப் படியெடுக்க, அதற்கென உள்ள அமைப்புகள் உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டாம் என்று 1996ன் சேஃபி சட்டத் திருத்தம் வழி விட்டிருந்தது. அதன் பலத்தில் 2002ல் புக்ஷேர் தொடங்கியது. ஸ்கேன் செய்தவர்களிலும் திருத்தியவர்களிலும் பார்வையற்றவர்கள் நிறையப் பேர். இதைத் தொண்டு என்று மட்டும் சொல்ல எனக்கு மனசு வரலை. தங்களுக்கு வேண்டிய நூலைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

எப்படித் திருத்துவது? ஜாஸ் போன்ற திரைவாசிப்பான் வரி வரியாகப் படிக்கும். 'மாடர்ன்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஆர், என் இரண்டும் ஒட்டி எம் ஆகிவிட்டால், குரல் 'மோடம்' என்று சொல்லிவிடும். கண் இதில் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்பார்த்ததையே படிக்கிற சுபாவம் அதற்கு. இயந்திரக் குரலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. எழுத்துப்பிழைச் சோதனையும் பிடிக்காது, மோடம் சரியான சொல்தானே! பக்கத் தலைப்பில் இருந்த நூல் பெயர் வாக்கியத்தின் நடுவே வந்து விழுந்தாலும் காதில் உடனே உறுத்தும்.

காது ஏமாறும் இடமும் உண்டு. மேற்கோள் குறி ஒன்று தொலைந்தால் சத்தமே இருக்காது. எல்லாக் குறிகளையும் சொல்லச் சொன்னால் கதையைக் கேட்கவே முடியாது. அங்கேதான் பிரெயில் திரை: விரலுக்கடியில் புள்ளிகள் எழும்பி, ஒவ்வொரு குறியும் தட்டுப்படும். ஆனா அதன் விலை கணினியையே தாண்டும்.

முழு வரியே விழுந்துபோனால்? பொருள் அறுபடுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஊகித்து நிரப்பினால் அது ஆசிரியரின் வாக்கியம் ஆகாது. அச்சுப் புத்தகத்தை வைத்திருப்பவர் அந்தப் பக்கத்தை மறுபடி ஸ்கேனரில் வைத்தாகணும்.