கியர்ப் பெட்டிக்கு எந்த எண்ணெய்?

பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஊட்டாமல் உலர்த்தினால் அது பலகை போல் விறைத்துவிடும், மடித்தால் வெடிக்கும். ஆம்பூர், வாணியம்பாடித் தொழிலாளர் அனைவரும் இதனை அறிவர். ஈரத்தோலைச் சுழலும் டிரம்மில் இட்டு, நீரில் பால் போல் கலந்த எண்ணெயை ஊட்டுவது இதற்காகவே. தோலின் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் நழுவ எண்ணெய் உதவுகிறது. தொழிற்சாலை வாயிலில் நிற்கும் பழைய புல்லட்டின் கியர்ப் பெட்டியிலும் எண்ணெய்க்கு ஏறத்தாழ இதே வேலைதான். அங்கே நார்களுக்குப் பதில் எஃகுப் பற்கள்.

இரு பற்கள் சந்திக்கும்போது அவை உருள்வதோடு சறுக்கவும் செய்கின்றன. தொடும் பரப்பு மிகச் சிறிது. அழுத்தமோ மிகப் பெரிது. எண்ணெயின் பெரும்பகுதி பிதுங்கி வெளியேறிய பின்னும், மூலக்கூறு அளவில் எஞ்சும் மெல்லிய படலம் உலோகத்தைக் காக்கிறது. இதனை ஹார்டி, டபிள்டே ஆகிய இருவரும் 1922இல் ஆராய்ந்து விளக்கினர். கொழுப்புப் பொருள்களின் மூலக்கூறு ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். கனிம எண்ணெய்க்கு இப்பண்பு குறைவு. ஆகவே அதில் விலங்கு எண்ணெய்களையும் தாவர எண்ணெய்களையும் கலந்தனர். ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் தோலுக்கும் ஊட்டப்பட்டது. கியர் எண்ணெயிலும் சேர்ந்தது. அத்திமிங்கிலம் அருகிவந்ததால் 1970இல் அமெரிக்கா அதனை அழிவுக்குள்ளாகும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் மாற்றுப் பொருள்களைத் தேட வேண்டியதாயிற்று.

இதற்கிடையே வேறொரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1926இல் பேக்கார்டு கார்களின் பின் அச்சில் 'ஹைப்பாய்டு' என்னும் புதுவகைப் பற்சக்கரம் இடம் பெற்றது. இதில் சறுக்கல் மிகுதி. சாதாரண எண்ணெய் தாங்காது. கந்தகச் சேர்மங்களைக் கலந்தபோது சிக்கல் தீர்ந்தது. பற்கள் உராய்ந்து சூடேறும் இடத்தில் கந்தகம் இரும்புடன் வினைபுரிந்து காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. ஆனால் எஃகைக் காக்கும் கந்தகம் செம்பையும் வெண்கலத்தையும் அரிக்கக்கூடும்.

பழைய புல்லட் உரிமையாளர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. புல்லட் சேற்றிலும் பாறையிலும் சோதிக்கப்பட்ட வண்டி. 1948 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பைப் போட்டியில் அதன் முன்மாதிரிகள் ஓடின. 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்தின் ஆறுநாள் போட்டியில் ஜானி பிரிட்டன் புல்லட்டில் வென்றார். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. அந்தப் பழைய புல்லட்டுகளின் ஆல்பியன் கியர்ப் பெட்டி எஞ்சினிலிருந்து தனியானது, எண்ணெயும் தனி. அதன் தண்டுகள் சில வெண்கலப் புஷ்களில் சுழல்கின்றன.

எண்ணெய் ஒழுகுகிறதென்று கிரீஸை அடைப்பவர் உண்டு. கெட்டிக் கிரீஸைப் பற்கள் ஒதுக்கிவிட்டு வெற்றிடத்தில் சுழலும், புஷ் காய்ந்துபோகும். ஒழுக்குக்கு மருந்து எண்ணெய்த் தடுப்பு வளையம், அதாவது ஆயில் சீல். அதன் வரலாறு நம் பகுதியினர்க்குச் சுவையானது. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரத் தோல் நிறுவனமான ஃபிராய்டன்பர்க், 1929இல் தோலாலான அடைப்புகளைச் செய்யத் தொடங்கியது. 1932இல் தண்டைச் சுற்றிப் பிடிக்கும் 'சிம்மர் வளைய'மும், 1936இல் செயற்கை ரப்பர் வளையமும் வந்தன. இன்று எண்ணற்ற எந்திரங்களில் உள்ள வளையத்தின் முன்னோர் பதனிட்ட தோல்! பழைய வண்டியில் தோல் வளையம் இருந்தால், பொருத்துமுன் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும்.

தேர்வுக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்பாளரின் கையேடு. வெண்கலப் புஷ் உள்ள பெட்டிக்குக் கியர் எண்ணெய் வாங்கினால், மிதமான சேர்மம் கொண்ட ஜி.எல். 4 ஏற்றது. ஜி.எல். 5 ஹைப்பாய்டு அச்சுக்கானது. எண் பெரிதென்பதால் சிறந்ததாகிவிடாது. மைசூரில் தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளில் கிளட்சும் கியரும் ஒரே எண்ணெயில் மூழ்கியவை. அங்கே உராய்வை மிகவும் குறைக்கும் எண்ணெய் கிளட்சை வழுக்கச் செய்யும்.

மாற்றும் முறை எளிது. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்தி, முதலில் மேல் மூடியையும் பிறகு அடித்திருகையும் கழற்றுங்கள். வடிந்ததை வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு சிறிதளவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். பொன்னிற மினுக்கம் வெண்கலம் தேய்வதைக் காட்டும். பால் நிறமானால் நீர் புகுந்துவிட்டது. ஓடைகளைக் கடக்கும் வண்டிகளில் இது நேரலாம். புதிய எண்ணெயை அளவுக் குறிவரை மட்டும் நிரப்புங்கள்.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? மண்ணில் ஊற்றினால் அது நிலத்தடி நீரைச் சென்றடையும். நம் பகுதி நீருக்கு நேர்ந்த கதியை நாம் அறிவோம். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அந்த நெறி தொழிற்சாலைகளுக்கு மட்டும் உரியதன்று; ஒரு லிட்டர்கூட இல்லாத நம் பழைய எண்ணெய்க்கும் பொருந்தும். டப்பாவில் மூடி வைத்து, பழைய எண்ணெய் சேகரிப்போரிடம் கொடுங்கள். கியர்ப் பெட்டியைக் காத்த எண்ணெய் பாலாற்றைக் கெடுக்க வேண்டாம்.