பெயரை நம்பி வாங்கிய வாள்

மத்தியகால ஐரோப்பிய வாள் என்றதும் தூக்கவே முடியாத இரும்புப் பாரத்தைத்தான் நாம் நினைக்கிறோம். திரைப்படங்கள் தந்த நினைப்பு அது. நூதனசாலைகளில் இருக்கும் ஒருகை வாள்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 கிலோகிராம்தான்.

அதனால்தான் இன்று பிரதி வாள்களைச் சேகரிப்போர், அமெரிக்காவின் அல்பியன், ஆம்ஸ் அன்ட் ஆர்மர் போன்ற தயாரிப்பாளர்களை ஒப்பிடும்போது பளபளப்போடு நின்றுவிடுவதில்லை. எடை, சமநிலை, அலகு நுனிவரை மெலியும் விதம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அல்பியனுக்காக வாள்களை வடிவமைத்த சுவீடன் கொல்லர் பீட்டர் யோன்சன், நூதனசாலை வாள்களை நேரில் அளந்து ஆராய்ந்தவர்.

இந்தக் கவனம் அன்றும் தேவைப்பட்டது. 9ஆம் நூற்றாண்டிலிருந்து 'உல்ஃப்பெர்ட்' என்று பொறித்த வாள்களுக்குப் பெரும் மதிப்பு. அதே பெயரோடு மட்டமான இரும்பு வாள்களும் கிடைத்துள்ளன. பெயரை நம்பி வாங்கியவனுக்கு உண்மை போர்க்களத்தில்தான் தெரிந்திருக்கும்.

பொறித்த பெயரைப் படிப்பதோடு நிற்காமல் பொருளையும் சோதிக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம்.