70 அறைக் 'குடில்': நியூபோர்ட்டில் ஓய்வெடுத்தது யார்?

காட்டேஜ் என்ற சொல்லுக்கு எந்த ஆங்கில அகராதியைப் புரட்டினாலும் சிறிய வீடு, கிராமத்துக் குடில் என்றுதான் போட்டிருக்கும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நியூபோர்ட் என்றொரு கடலோர ஊர். அங்கே 'தி பிரேக்கர்ஸ்' என்று ஒரு காட்டேஜ் இருக்கிறது. மொத்தம் 70 அறைகள். நடுக்கூடத்தின் உயரம் ஏறத்தாழ 50 அடி. பரப்பு ஒரு லட்சம் சதுர அடிக்கும் மேல். கோடையில் ஏழெட்டு வாரம் கடற்காற்று வாங்கி ஓய்வெடுக்கக் கட்டிய வீடு, அவ்வளவுதான்!

சொல் இப்படி ஊதிப் பெருப்பது நமக்கும் புதுசில்லை. 'பங்களா' என்பது வங்காளத்துக் கூரை வீட்டிலிருந்து வந்த பெயர். வெள்ளைக்காரர்கள் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு பெரிதாக்கினார்கள். இன்றைக்கு நம் ஊரில் பங்களா என்றால் கூரை வீடு யாருக்காவது ஞாபகம் வருமா?

நியூபோர்ட் கதையும் அதே மாதிரிதான். 18ஆம் நூற்றாண்டிலேயே சார்ல்ஸ்டன் போன்ற தெற்கத்தி ஊர்களின் தோட்ட முதலாளிகள் வெயிலுக்கும் மலேரியாவுக்கும் பயந்து கோடையில் இங்கே வந்தார்கள். அவர்களுடைய தோட்டங்களில் அடிமைகள் உழைத்தார்கள். நியூபோர்ட்டும் அப்போது அடிமை வியாபாரத்தில் பெரிய துறைமுகம். சுதந்திரப் போரின்போது பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்துக்கொண்டது, வியாபாரம் படுத்தது. 19ஆம் நூற்றாண்டில் ஊருக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது கோடை விருந்தாளிகள்தான்.

முதலில் எல்லோரும் ஓட்டல்களில் தங்கினார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் சொந்தமாக மர வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றும் நிற்கும் 'கிங்ஸ்கோட்' 1841இல் முடிந்தது. கட்டியவர் ஜார்ஜியா மாநிலத்துத் தோட்ட முதலாளி ஒருவர். இவற்றைக் காட்டேஜ் என்று சொன்னதில் ஓரளவு நியாயம் இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு நியூயார்க்கின் ரயில் பணமும் நிலக்கரிப் பணமும் வந்து இறங்கின. வீடு வளர்ந்தது. பெயர் மட்டும் வளரவே இல்லை. அரண்மனையைக் குடில் என்று சொல்வதிலும் ஒரு பெருமை இருக்கிறது பாருங்கள். 'இது எங்களுக்குச் சும்மா' என்று சொல்லாமல் சொல்வது.

பிரேக்கர்ஸுக்கு வருவோம். ரயில் அதிபர் இரண்டாம் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் 1885இல் இதே இடத்தில் இருந்த ஒரு மர வீட்டை வாங்கினார். 1892 நவம்பரில் அது தீப்பிடித்து எரிந்தது. புதுவீட்டைக் கட்டும் பொறுப்பு கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட்டிடம் வந்தது. வாண்டர்பில்ட்டுக்கு முக்கியமான கவலை ஒன்றுதான்: இனி தீப்பிடிக்கக் கூடாது.

ஒரு பொறியாளனாக எனக்கு இந்த வீட்டில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். செங்கல், சுண்ணாம்புக்கல், எஃகு என்று கட்டினார்கள். சமையலறையைத் தனிப் பகுதியாக ஒதுக்கினார்கள். கொதிகலன்களை வீட்டுக்கு அடியில் வைக்காமல் தள்ளி நிலத்தடியில் வைத்து, சுரங்கம் வழியாக இணைத்தார்கள். விளக்குகளுக்கு மின்சாரமும் உண்டு, எரிவாயுவும் உண்டு. ஒன்று போனால் இன்னொன்று. அந்தக் காலத்து பேக்கப்! குளியல் தொட்டியில் நல்ல தண்ணீருக்குச் சூடு, குளிர் என்று இரண்டு குழாய்கள், கடல் தண்ணீருக்கும் அதே போல இரண்டு.

இந்த வேலை நடந்துகொண்டிருந்த 1893இல்தான் அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி வெடித்தது. வங்கிகள் மூடின, ரயில் கம்பெனிகள் வரிசையாகத் திவாலாயின. காட்டேஜ் வேலை நிற்கவில்லை. 1895 ஆகஸ்டில் திறப்பு. நூலக அறைக்குப் பிரான்சின் பழைய மாளிகை ஒன்றிலிருந்து கணப்படுப்பு முகப்பைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். அதில் பிரெஞ்சில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது: செல்வத்தை நான் பொருட்படுத்துவதில்லை, கடைசியில் வெல்வது அறிவுதான் என்ற அர்த்தத்தில். வேடிக்கைக்கு வைத்தார்களா, தெரிந்தேதான் வைத்தார்களா என்று யோசித்துக்கொண்டே நிற்கலாம்.

சரி, ஓய்வு? அது அவ்வளவாகக் கிடைக்கவில்லை. நியூபோர்ட் கோடை என்பது கால அட்டவணை போட்டு நடந்த உழைப்பு. பெண்கள் ஒரே நாளில் பலமுறை உடை மாற்ற வேண்டும். மதியத்துக்கு மேல் பெல்வியூ அவென்யூவில் குதிரை வண்டியில் வலம், வீடு வீடாக முகவரி அட்டை கொடுத்தல், ராத்திரி விருந்து, அப்புறம் நடனம். யார் யாரை அழைத்தார்கள், யாரை விட்டார்கள் என்பதில்தான் குடும்ப கௌரவமே தொங்கியது. இந்தக் காலத்தில்தான், 1899இல், தார்ஸ்டீன் வெப்லன் ஓய்வு வர்க்கம் பற்றிய தன் புகழ்பெற்ற நூலை எழுதினார். பகட்டுச் செலவு என்ற கருத்து அதில்தான் பிரபலமானது.

வாண்டர்பில்ட்டுக்கு 1896இல் பக்கவாதம் வந்தது. 1899இல், 55 வயதில், இறந்துபோனார். நல்ல உடம்போடு அவர் அந்த வீட்டில் கழித்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு கோடை.

முதலாளிக்கே இதுதான் என்றால் வேலைக்காரர்கள்? இப்படிப்பட்ட ஒரு வீட்டை ஓட்ட ஏறத்தாழ 40 பேர் தேவைப்பட்டார்கள். பக்கத்தில் 'தி எல்ம்ஸ்' என்ற மாளிகை, நிலக்கரி அதிபர் எட்வர்ட் பெர்விண்ட் கட்டியது, 1901இல் முடிந்தது. வேலைக்காரர்களின் படுக்கையறைகள் மேல்மாடியில், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி இருந்தன. நிலக்கரி தெருவிலிருந்தே சுரங்கப்பாதை வழியாக உள்ளே போனது. உழைப்பு இருக்க வேண்டும், கண்ணில் படக் கூடாது என்பதுதான் அந்தக் கட்டடத்தின் வடிவமைப்பே.

1902இல் எல்ம்ஸ் வேலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கை: விடுப்பு நேரம். ஓய்வுக்காகவே கட்டிய வீட்டில், கொஞ்சம் ஓய்வு கேட்டார்கள். பெர்விண்ட் எல்லோரையும் வேலையை விட்டு அனுப்பினார். ஒருவர் காலை நீட்டிப் படுக்க நாற்பது பேர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற கணக்கை, நியூபோர்ட்டில் இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சம்பவம் வேறில்லை.

அந்தக் கணக்கு ரொம்ப நாள் நிற்கவில்லை. 1913இல் வருமான வரி வந்தது, பிறகு உலகப் போர்கள், பிறகு வேலைக்கு ஆள் தட்டுப்பாடு. 1948இல் வாண்டர்பில்ட்டின் கடைசி மகள் பிரேக்கர்ஸை ஊரின் பாதுகாப்புச் சங்கத்துக்கு வருடம் 1 டாலர் வாடகைக்கு விட்டார். 1972இல் சங்கமே அதை வாங்கிவிட்டது. எல்ம்ஸை இடித்துக் கடைவளாகம் கட்ட இருந்தார்கள். 1962இல் அதே சங்கம் வாங்கியதால் தப்பியது. இன்று இரண்டையும் யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். எல்ம்ஸில் அந்த ஒளித்து வைத்த மாடியையும் சுரங்கத்தையும் காட்டத் தனிச் சுற்றுலாவே இருக்கிறது.

இந்த மாளிகைகளால் விலைக்கு வாங்க முடியாத ஒன்றும் அங்கே உண்டு: கடற்கரை வழி. 1663இல் இரண்டாம் சார்லஸ் அரசர் கொடுத்த சாசனத்திலேயே ரோட் ஐலண்ட் மக்களின் மீன்பிடி உரிமை இருக்கிறது. கரையைப் பயன்படுத்தும் உரிமையை மாநில அரசியல் சட்டமும் காப்பாற்றியது. அதனால் கோடீஸ்வரர்களின் புல்வெளிக்கும் கடலுக்கும் நடுவே, பாறை விளிம்பில், மூன்றரை மைல் நீளத்துக்குப் பொதுப்பாதை போகிறது. 'கிளிஃப் வாக்' என்று பெயர். வேலியும் சுவரும் எழுப்பிப் பார்வையை மறைக்க முடிந்ததே தவிர, பாதையை மூட முடியவில்லை.

அந்தப் பாதையில் 'நாற்பது படிகள்' என்று ஓர் இடம், கடலை நோக்கி இறங்கும் படிக்கட்டு. மாளிகைகளில் வேலை பார்த்தவர்கள் கிடைத்த ராத்திரிகளில் அங்கேதான் கூடினார்கள். யாராவது வாத்தியம் வாசிக்க, மற்றவர்கள் ஆடினார்கள். முகவரி அட்டை தேவையில்லை, உடை மாற்ற வேண்டியதில்லை. கீழே அதே கடல், அதே காற்று.