பாட்டன் எந்த ஊர்?

மலையகத்தில் யாரிடமாவது பூர்வீகம் கேட்டுப் பாருங்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை என்று உடனே ஒரு பெயர் வரும். அதில எந்தக் கிராமம் என்றால் பேச்சு நின்றுவிடும். விசா எடுத்து தமிழ்நாட்டுக்குப் போய் அந்தக் கிராமத்தைத் தேடியவர்கள் எங்கள் நண்பர்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கம் கோயிலையும் துணிக்கடையையும் பார்த்துவிட்டு வந்ததோடு சரி. ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு விடை, நாங்கள் வந்த விதத்திலேயே இருக்கிறது.

மொரிசியஸ் தமிழர்களுக்கு இந்தத் தேடல் எவ்வளவோ சுலபம். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக அங்கு போனவர்களுக்கு ஆளுக்கொரு இலக்கம் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம், வந்த கப்பல் எல்லாம் எழுதி வைத்தார்கள். பிற்பாடு படமும் பிடித்தார்கள். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. பூட்டனின் முகத்தையே பார்த்துவிட்டு ஊர் தேடிப் போகலாம். (வெள்ளைக்காரன் பாசத்தில எழுதவில்லை. ஓடிப்போனால் பிடிக்க வேணுமே!)

எங்க ஆட்கள் கங்காணியோடு வந்தவர்கள். முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவரும் அவர்தான், கடன் கணக்கு வைத்திருந்தவரும் அவர்தான். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு பதிவு இருக்கவில்லை. வழியில் செத்தவர்களுக்கே சரியான கணக்கு கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தகர வில்லை கொடுத்தார்கள். அதில் பொறித்திருந்தது போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் இலக்கம். புறப்பட்ட ஊர் அதில் இல்லை.

பிறகு இல்லாத கடதாசியைத்தான் எல்லாரும் கேட்டார்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு, இங்கே பிறந்தவர் என்பது மட்டும் போதவில்லை. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இந்தியப் பிரஜையாகப் பதிவதென்றால், பெற்றோரில் அல்லது பாட்டன் பாட்டியில் ஒருவராவது இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். ஒரே பாட்டன் எத்தனை நாட்டில்தான் பிறப்பார்? 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. போனவர்களில் பலர் பாட்டன் ஊரைச் சேரவேயில்லை. நீலகிரியில் அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துதான் பறித்தார்கள். அதனால் ஹட்டனிலிருந்து உறவைத் தேடிப் போகிறவர் கூடலூரிலோ கோத்தகிரியிலோ போய் நிற்கிறார். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரன்'. இங்கே எங்களுக்கு 'இந்தியாக்காரன்'.

கடதாசி கைவிட்ட இடத்தில் கூத்து கொஞ்சம் கைகொடுக்கும். தோட்டங்களில் பொன்னர் சங்கர் கூத்து ஆடுகிறார்களே, அந்த அண்ணன்மாரின் கோயில் மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூரில் இருக்கிறது. லயத்து வாசலில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவருக்கு அந்தப் பெயரெல்லாம் புதிதில்லை. வீட்டு வாசல் வரை அது கூட்டிப்போகாது, வட்டாரத்தைக் காட்டும்.

ஆகவே போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முதல் அப்பாயியிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: குலதெய்வம் எது? பெரிய கங்காணி எந்த ஊர்க்காரர்? கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊராரையும் உறவுக்காரரையும்தான் கூட்டி வந்தார்கள். அவருடைய ஊர் தெரிந்தால் உங்கள் ஊரும் கிட்டத்தில்தான் எங்காவது இருக்கும்.