லிவிங் இன் எமர்ஜென்சி

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் களப்பணியைக் காட்டும் ஆவணப்படம். இயக்கம் மார்க் ஹாப்கின்ஸ். 2008-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது; பின்னர் ஆஸ்கர் ஆவணப்பட முதற்சுற்றுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

நைஜீரியாவின் பயாஃப்ரா போரில் பணியாற்றித் திரும்பிய பிரெஞ்சு மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் 1971-இல் பாரிஸில் தொடங்கிய அமைப்பு இது. 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. படம் அந்தப் புகழைப் பாடவில்லை. உள்நாட்டுப் போர் 2003-இல் ஓய்ந்து, மருத்துவக் கட்டமைப்பே சிதைந்துகிடந்த லைபீரியாவிலும், சண்டை ஓயாத காங்கோ ஜனநாயகக் குடியரசிலும் நான்கு மருத்துவர்களைப் பின்தொடர்கிறது.

லைபீரியாவின் வடகோடியிலுள்ள ஃபோயாவில், முதல் பணிக்கு வந்த இளம் ஆஸ்திரேலிய மருத்துவர் தனியாளாக ஒரு மருத்துவமனையைச் சுமக்கும் பகுதியே படத்தின் உயிர். தேவையான மருந்து கையிருப்பில் இல்லை. வார்டில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள். மருந்து வழங்கல் தொடர்பாகத் தலைநகர் மன்ரோவியாவிலுள்ள பொறுப்பாளருடன் அவருக்கு வாக்குவாதம் முற்றுகிறது. இருவர் பக்கமும் நியாயம் இருப்பதைப் படம் மறைக்காமல் காட்டுகிறது. மன்ரோவியாவில் பணியாற்றும் அமெரிக்க அறுவை மருத்துவருக்கோ, ஊரில் பழகிய கருவிகள் எதுவும் கைவசம் இல்லை.

தொண்டு மருத்துவரைத் தெய்வமாக்கும் வழக்கத்துக்கு இப்படம் நல்ல மாற்று. அவர்கள் புகைக்கிறார்கள், கோபப்படுகிறார்கள், சோர்ந்துபோகிறார்கள். ஒருவரைக் காப்பாற்ற முயலும்போது இன்னொருவரைக் கைவிட நேர்கிறது. அறுவைக்காட்சிகள் ஒளிவுமறைவின்றி இருப்பதால் சிறுவர்கள் பார்க்க ஏற்றதல்ல.