ஏழு வருஷம் தாண்டிய வண்டி

கொங்கு நாட்டில் ஒரு வண்டி அவ்வளவு சுலபத்தில் சாகாது. 1920ல் ஜி.டி.நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தன் முதல் பஸ்ஸை ஓட்டிய காலத்திலிருந்தே இங்கே எந்திரம் என்றால் பிரித்து மாட்டக்கூடிய சாமான். திருச்செங்கோட்டில் ரிக் லாரி, நாமக்கல்லில் லாரி பாடி, கோயமுத்தூரில் பம்பும் லேத்தும். பட்டறைக்காரர் சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பதினைந்து வயதான சொகுசு எஸ்யூவிகள் அவிநாசி ரோட்டில் இன்னும் மினுமினுவென்று போவது அவர்கள் புண்ணியத்தில்தான்.

ஆனால் சத்தமே போடாத கோளாறுகள் உண்டு. தொழிற்சாலையிலேயே வண்டியோடு பிறந்தவை. செய்தவர்களே கூப்பிட்டுச் சொன்னால்தான் தெரியும். அந்தக் கூப்பிடுதலுக்குப் பெயர்தான் ரீகால்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அறுபதுதான். அதற்கு முன்பு விபத்து என்றால் தப்பு ஓட்டியவர் மேல். 1965ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம் கேள்வியைக் கார் கம்பெனிகள் பக்கம் திருப்பியது. அடுத்த வருஷமே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2000ல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகளில் ஃபயர்ஸ்டோன் டயரின் மேல்பட்டை உரிந்து வண்டிகள் உருண்டபோது, 65 லட்சம் டயர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் சின்னதாக்கியது டகாட்டா. ஜப்பானைச் சேர்ந்த இந்தக் கம்பெனி ஏர்பேக்கை விரிக்கும் வாயுவுக்கு அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. விலை குறைவு, ஆனால் ஈரத்துக்கு ஆகாது. வெயிலும் ஈரமும் வருஷக்கணக்கில் மாறி மாறிப் பட்டால் உள்ளே இருக்கும் வில்லை நொறுங்கிப் பொடியாகும். பொடி வேகமாக எரியும். அழுத்தம் தாங்காமல் உலோகக் கூடு வெடித்து, உயிரைக் காக்க வேண்டிய பை முகத்தில் தகட்டுத் துண்டுகளை வீசும். உலகம் முழுக்கப் பத்துக் கோடி ஏர்பேக்குகள் இந்த ரீகாலில் சிக்கின. 2017ல் கம்பெனியே திவாலானது.

அந்த அலை நம் ஊருக்கும் வந்தது. 2015 செப்டம்பரில் ஹோண்டா இந்தியாவில் 2,23,578 கார்களைத் திரும்ப அழைத்தது. 2003க்கும் 2012க்கும் இடையில் செய்தவை. சிட்டி, சிவிக், ஜாஸோடு அந்தக் காலத்தில் கௌரவமாகப் பார்க்கப்பட்ட சிஆர்-வி எஸ்யூவியும் பட்டியலில் இருந்தது. அப்போது ரீகால் என்பது 2012ல் வாகன உற்பத்தியாளர் சங்கம் தானாக வகுத்துக்கொண்ட நெறிதான். 2019 சட்டத் திருத்தத்தில் 110ஏ பிரிவு வந்து, விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகே அரசாங்கம் உத்தரவு போட முடிந்தது. அபராதம் ஒரு கோடி வரை.

ஆனால் அந்த விதியில் ஒரு வரம்பு இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் அது பொருந்தும். சாஃப்ட்வேர்க்காரனான எனக்கு இது பழகிய விஷயம். பழைய வெர்ஷனுக்கு சப்போர்ட் முடிந்துவிட்டது என்று நாங்களும்தான் மெயில் அனுப்புகிறோம். ஆனால் கோட் பழசானால் பொடியாகாது. டகாட்டா ஏர்பேக் வயதாக ஆகத்தான் ஆபத்து. அதாவது ஆபத்து முற்றும் வயதில் சட்டம் கையைக் கழுவிக்கொள்கிறது. 2015ல் கூப்பிட்ட கார்களில் பல அப்போதே ஏழைத் தாண்டியவை. இன்றைய விதியின்படி அவற்றைக் கூப்பிடச் சொல்லி யாரும் உத்தரவு போட்டிருக்க முடியாது.

இன்னொரு சிக்கல் விலாசம். ரீகால் கடிதம் கம்பெனியின் கணக்கில் இருக்கும் ஓனருக்குத்தான் போகும். நம் ஊரிலோ 29, 30 படிவங்களில் வெறும் கையெழுத்தோடு வண்டி மூன்று கை மாறிவிடும். சித்தப்பாவுக்காக ஒரு பழைய எஸ்யூவி பார்க்கப் போனபோது புரோக்கரிடம் சேஸிஸ் நம்பர் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க தம்பி, டாக்டர் ஓட்டுன வண்டிங்க, சிங்கிள் ஓனருங்க" என்றார். ரீகால் பார்க்க என்றேன். "கம்பெனியே கூப்ட்டா அப்ப வண்டி சரியில்லைன்னு ஆயிருமுங்களே, விக்கறது எப்படிங்க?" என்றார்.

அவர் சொன்னதில் நம் மொத்த மனநிலையும் இருக்கிறது. கூப்பிடாத வண்டி நல்ல வண்டி என்று நினைக்கிறோம். உண்மையில் கூப்பிட்டும் போகாத வண்டிதான் பயப்பட வேண்டியது. கடலோர ஈரத்தில் பத்து வருஷம் நின்ற வண்டிக்கு இங்கே வந்து பெயிண்ட் அடித்துவிடலாம். ஸ்டியரிங்குக்குள் இருப்பது அப்படியேதான் இருக்கும்.

சேஸிஸ் நம்பர் பதினேழு எழுத்து. பல கம்பெனிகளின் இணையதளத்தில் அதைப் போட்டால் ரீகால் பாக்கி இருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் தெரியும். டயரை உதைத்துப் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே பேரத்தை முடித்துவிடலாம்.