நாணேகாட் கணவாய்

பிழைப்பு நாடியும் பதவி நிமித்தமும் மராட்டிய மண்ணில் வந்து குடியேறிய தமிழர் பல்லாயிரவர். விடுமுறை வந்தால் நம்மவர் மஹாபலேஷ்வரம், லோணாவளா போன்ற பெயர்பெற்ற மலைத்தலங்களையே நாடுகின்றனர். அவையும் காணத்தக்கனவே. ஆயினும், புனே மாவட்டத்தின் வடகோடியில், ஜுன்னர் வட்டத்தில், கண்ணுக்கினிய மலைக்காட்சியோடு ஈராயிரம் ஆண்டு வரலாற்றையும் ஒருங்கே காட்டும் இடம் ஒன்று உண்டு. அதுவே நாணேகாட் கணவாய். நேயர்களை இன்று அங்கே அழைத்துச் செல்ல விழைகிறோம்.

சஹ்யாத்ரி மலைத்தொடர் கொங்கணக் கரையையும் தக்காண மேட்டுநிலத்தையும் மதில்போல் நின்று பிரிக்கிறது. முற்காலத்தில் கரையோரம் சோபாராவும் கல்யாணும் துறைமுகங்களாக விளங்கின. மேட்டுநிலத்தில் பைடன் நகரம் சாதவாகன மன்னரின் தலைநகராயிருந்தது. இவ்விரண்டையும் இணைத்த பெருவழிகளுள் ஒன்று இக்கணவாய். மராட்டியில் 'நாணே' என்பது காசைக் குறிக்கும். நாம் வழங்கும் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு அது உறவு. 'காட்' என்றால் கணவாய். ஆகவே இது 'காசுக் கணவாய்'. உச்சியில் இன்றும் ஒரு பெரிய கற்சாடி காணப்படுகிறது. வணிகர் செலுத்திய சுங்கக் காசு அதிலே இடப்பட்டது என்று அவ்வூரார் வழிவழியாகக் கூறி வருகின்றனர்.

உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறையைக் குடைந்து அமைத்த குகை ஒன்று இருக்கிறது. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறுவதற்கான சாவடி அது. அதன் பின்சுவரில் ஒரு காலத்தில் சாதவாகன அரச குடும்பத்தினரின் உருவங்கள் எட்டு வரிசையாக நின்றன. இன்று அவ்வுருவங்கள் இல்லை; சில பாதங்களின் சுவடும், தலைக்கு மேலே பொறித்த பெயர்களுமே எஞ்சியுள்ளன. குலமுதல்வன் சிமுகன், மன்னன் சாதகர்ணி, அவன் தேவி நாகநிகை ஆகியோர் பெயர்களை அங்கே படிக்கலாம். பக்கச் சுவர்களிலோ, அரசகுலத்தார் நடத்திய வேள்விகளும் அவற்றில் வழங்கிய கொடைகளும் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில், நீண்ட சாசனமாக வெட்டப்பட்டுள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது இச்சாசனம் என்பது அறிஞர் பலர் கருத்து.

இச்சாசனத்தின் தனிப்பெருமை அதிலுள்ள கணக்கு. 1,700 பசுக்கள், 10 யானைகள், 24,400 காசுகள் என்று கொடைகள் எண் குறிகளாலேயே எழுதப்பட்டுள்ளன. பகவான்லால் இந்திராஜி என்னும் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் இக்குறிகளை எண்கள் என்று இனங்கண்டு விளக்கினார். 1883-இல் ஜார்ஜ் பியூலர் சாசனத்தைப் பதிப்பித்தார். இதில் சுழியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. ௰, ௱, ௲ என்று நம் முன்னோர் எழுதிய முறையை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. இன்று உலகெங்கும் வழங்கும் எண்களின் மூதாதையரை இச்சுவரிலே காண்கிறோம்.

கணவாயைக் கடந்து கிழக்கே சென்றால் ஜுன்னர் நகரம். அதைச் சூழ்ந்த குன்றுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட குடைவரைகள் உள்ளன. இவற்றை அமைத்தவர் அரசர் மட்டுமல்லர். தானிய வணிகர் குழுவினர் ஏழு அறை கொண்ட குகையும் நீர்த்தொட்டியும் அளித்தனர். இரிலன் என்னும் யவனன் இரு நீர்த்தொட்டிகளைத் தானமாக வழங்கினான். வேற்று நாட்டான் ஒருவன் தன் பெயரை இம்மண்ணில் நிலைநிறுத்தியது தாகம் தீர்க்கும் அறத்தால் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. லேண்யாத்ரி மலையில் பௌத்தத் துறவியர் வாழ்ந்த விகாரம் ஒன்றே இன்று அஷ்டவிநாயகத் தலங்களுள் ஒன்றாக விளங்குகிறது. 1630-இல் சிவாஜி மன்னர் பிறந்த சிவநேரிக் கோட்டையும் இந்நகரின் அருகிலேயே உள்ளது.

தமிழராகிய நமக்கு இங்கே என்ன உறவு என்று வினவலாம். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவனுக்குக் கங்கையைக் கடக்கத் துணைபுரிந்த நண்பராக நூற்றுவர் கன்னர் கூறப்படுகின்றனர்; 'சாதகர்ணி' என்னும் பெயரின் தமிழாக்கமே அது என்பர் ஆராய்ச்சியாளர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சாதவாகனர் வெளியிட்ட வெள்ளிக் காசுகளின் ஒருபுறம் பிராகிருதமும், மறுபுறம் தமிழ் என்றே அறிஞர் பலர் கொள்ளும் தென்மொழியும் காணப்படுகின்றன. முசிறியைப் போற்றும் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் கல்யாணையும் குறிப்பிடுகிறது. இம்மலைக்கு நாம் முற்றிலும் அயலார் அல்லோம்.

புனேயிலிருந்து நாராயண்காவ், ஜுன்னர் வழியாகக் காட்கர் சிற்றூரைக் கடந்து உச்சிவரை வண்டியிலேயே செல்லலாம். மும்பையிலிருந்து வருவோர் கல்யாண், முர்பாட் வழியே மால்ஷேஜ் சாலையில் வந்து, வைசாக்கரே அருகே இறங்கி, காட்டுவழியே சில மணி நேரம் மலையேறலாம். வணிகர் பொதிமாடுகளோடு ஏறிய பழைய படிவழியில் கால்பதிக்க விரும்புவோர் இரண்டாவதையே தேர்வர். மழைக்காலத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மோதும் காற்று, விளிம்பில் வீழும் அருவியை மேல்நோக்கி வாரி இறைக்கும் காட்சி வியப்பூட்டும். ஆனால் அப்போது பாறை வழுக்கும். விளிம்பை நெருங்குதல் உயிருக்கு இடர். குழந்தைகளோடு செல்வோர்க்கு மழை ஓய்ந்த பின்வரும் மாதங்களே ஏற்றவை.

இன்னும் ஒன்று கூறி முடிக்கிறோம். கல்லில் நின்ற அரச குடும்பத்தார் எண்மரும் மறைந்தனர். எழுத்து மட்டுமே எஞ்சியது. அதுவும் நாளுக்கு நாள் தேய்ந்து வருகிறது. சென்று காண்போர் சுவரைத் தொடாமலும், கரியாலோ ஆணியாலோ தம் பெயரைக் கிறுக்காமலும் திரும்புதல் கடமை. உடன்வரும் சிறுவர்க்கு அந்த எண்களைச் சுட்டிக்காட்டுங்கள். நாம் குடிவந்த நாட்டின் செல்வத்தைக் காப்பதிலே குடிவந்தவர்க்கும் பங்கு உண்டு.